சன்பேக் போர்டைத் தொங்கவிட எது சரி: டேக்கா, கயிறா, கம்பியா, ஆணியா?

தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற காற்று அது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு தடவை நின்றவர்களுக்கு அதன் பலம் தெரியும், ஆளையே தள்ளும். இந்த ஊரில்தான் நான் ஸ்டிக்கர், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். டியூஷன் சென்டர், தையல் கடை, ரத்ததான முகாம், வீடு வாடகைக்கு, கல்யாண மண்டபத்துக்கு வழிகாட்டும் அம்புக்குறி என்று சன்பேக் போர்டு போகாத நாள் கிடையாது. உள்ளே குழல் குழலாக இருக்கும் லேசான பிளாஸ்டிக் அட்டைதான் சன்பேக். போர்டைக் கையில் தூக்கிப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "வெயிட்டே இல்லையே அண்ணாச்சி, ஒரு சணலைப் போட்டுக் கட்டி விட்டா போதும்லா?"

போதாது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். 3 அடிக்கு 2 அடி, 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு போர்டு சுமார் 400 கிராம் இருக்கும். உரித்த தேங்காய் அதைவிடக் கனம். ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அந்தப் போர்டை நேருக்கு நேர் அடித்தால், 4 கிலோவுக்கு மேல் எடை வந்து தள்ளுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் 10 கிலோவை நெருங்கிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு கூடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள்; இது 400 கிராம். ஆகவே போர்டின் எடையைத் தாங்குவதற்கு யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. காற்று இழுப்பதைத் தாங்குவதற்குத்தான் வழி தேட வேண்டும். எல்லா வழிகளையும் அந்த ஒரே தராசில்தான் நிறுக்கப்போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தையல் கடை வைத்திருக்கிற ஒரு அக்கா, மாட்டி நாலாவது நாளில் போர்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சும் அவிழவில்லை. மேலே இரண்டு மூலையிலும் கத்தியால் குத்திப் போட்ட ஓட்டை, இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்து, விளிம்பு வரை போய்த் திறந்துகொண்டது. கிழிசலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு போட்டு வெட்டியதுபோல நேராக இருந்தது. பக்கத்துக் குழலுக்கு ஒரு நூல்கூடத் தாவவில்லை.

அந்தக் கிழிசல்தான் எனக்குப் பாடம். சன்பேக் ஷீட் என்பது பாலிபுரொப்பிலீனில் செய்த இரண்டு மெல்லிய தகடு. நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புச் சுவர். ஒவ்வொரு இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு குழல். குழல் ஓடுகிற திசையிலேயே இழுத்தால் இரண்டு மெல்லிய தகடு மட்டும்தான் எதிர்த்து நிற்கும், சர்ரென்று கிழியும். குழலுக்குக் குறுக்கே இழுத்தால் ஒவ்வொரு சுவராக உடைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த அக்காவின் போர்டில் குழல் மேலிருந்து கீழாக ஓடியது. கயிறு இழுத்ததும் மேலே. கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் அகலமான போர்டைத் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால், ஆர்டர் கொடுக்கும்போதே "குழல் இடமிருந்து வலமாக ஓடட்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஷீட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினால் முடிந்தது. சில அளவுகளில் கொஞ்சம் கழிவு கூடும், அதற்காகக் கடைக்காரர் பத்து இருபது ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. குழல் ஓடும் திசையில் போர்டு விறைப்பாக நிற்கும், அதனால் அகலமான போர்டு நடுவில் தொய்யாது. உயரமான, ஒடுங்கலான போர்டுக்கு மட்டும் இது முழுதாகப் பொருந்தாது. குறுக்குக் குழல் போட்டால் காற்றில் அது கீழிருந்து மேலாக மடங்கப் பார்க்கும். பக்கவாட்டில் நடுவிலும் ஒரு கட்டுப் போட்டே ஆக வேண்டும்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

ஜன்னல் கிரில், இரும்பு கேட், கம்பிவேலி, மாடிப்படிக் கைப்பிடி என்று பிடிமானம் ஏதாவது இருந்தால் என் முதல் பதில் பிளாஸ்டிக் டேக்தான். கேபிள் டை என்று எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். முடிச்சுப் போடத் தெரிய வேண்டாம், ஒரு ஆள் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் கைக்குக் கிடைத்த டேக்கைப் போடாதீர்கள். 2.5 மில்லிமீட்டர் அகல டேக் 8 கிலோ வரைதான் தாங்கும். 4.8 மில்லிமீட்டர் அகலம் என்றால் 22 கிலோ தாங்கும். விலை வித்தியாசமோ சில்லறைக் காசு. அடுத்தது நிறம். வெள்ளை டேக் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகி, ஒருநாள் விரலால் தட்டினாலே ஒடியும். கறுப்பில் கரித்தூள் கலந்திருப்பதால் வெயிலை அதிகம் தாங்கும். வீட்டுக்குள் வெள்ளை போதும், வெளியே கறுப்பு மட்டும்தான்.

ஓட்டை போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கத்தியால் பெருக்கல் குறி போல இரண்டு கீறு கீறி, அதற்குள் டேக்கைத் திணிப்பார்கள். கீறலின் ஒவ்வொரு முனையும் ஒரு கிழிசலின் தொடக்கம். வட்டமான ஓட்டைதான் வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் தோல் பஞ்ச் இருந்தால் அருமை. இல்லையென்றால் பெரிய ஆணியை இடுக்கியில் பிடித்துச் சூடாக்கிக் குத்துங்கள், ஓட்டையின் ஓரம் உருகித் தடித்து, தானாகவே ஒரு வளையம் கட்டிக்கொள்ளும். புகை வரும், வாசலில் வைத்துச் செய்யுங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும்.

நான் ஒரு மூலைக்கு இரண்டு ஓட்டை போடுவேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, நடுவில் இரண்டு மூன்று குழல் இருக்கும்படி விட்டு. டேக் முன்பக்கம் ஓர் ஓட்டையில் நுழைந்து, பின்னால் கிரில் கம்பியைச் சுற்றி, மற்ற ஓட்டை வழியாக வரும். அப்போது டேக் பிடித்திருப்பது ஒரு விளிம்பை அல்ல, மூன்று நாலு சுவர்களை ஒரே கட்டாக. தையல் கடை அக்காவுக்கு நான் அடித்துக் கொடுத்த இரண்டாவது போர்டு இப்படித்தான் நிற்கிறது. இரண்டு ஆடியைப் பார்த்துவிட்டது.

இன்னும் ஒன்று. டேக்கை உயிர்போக இறுக்காதீர்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். போர்டு கொஞ்சம் அசைந்துகொடுத்தால் காற்றின் முதல் அடி கழிந்துவிடும். இறுக்கிவிட்டால் அந்த அடி முழுவதும் ஓட்டையில் வந்து விழும். பூட்டு இருக்கும் தலைப்பகுதி பின்னால் இருக்கட்டும், மீதி வாலை ஒட்ட நறுக்குங்கள். சாய்வாக நறுக்கிய டேக் முனை பிளேடு மாதிரி. கேட்டில் ஏறி விளையாடும் பிள்ளைகள் கையைக் கிழிக்கும்.

மேலே மட்டும் கட்டித் தொங்கவிடுவதா, கீழேயும் கட்டுவதா என்று கேட்பார்கள். மேலே மட்டும் கட்டினால் போர்டு காற்றுக்கு விலகிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்கப் படபடவென்று கேட்டில் அடித்து மூலைகள் நசுங்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போகும். நாலு மூலையையும் டேக்கால் இறுக்கினால் சத்தம் இருக்காது, இழுவை கூடும். நான் கண்டுகொண்ட நடுவழி சைக்கிள் டியூப். பழைய டியூபைச் சைக்கிள் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். அதைக் கத்தரியால் குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாக ரப்பர் வந்துவிடும். மேலே இரண்டு மூலைக்குக் கறுப்பு டேக், கீழே இரண்டு மூலைக்கு டியூப் வளையம். பலத்த காற்று வந்தால் கீழ்ப்பக்கம் நாலைந்து அங்குலம் எழும்பிக் காற்றை விட்டுவிட்டு, திரும்பத் தன் இடத்துக்கே வந்து உட்காரும். காற்று அதிகமுள்ள இடமா, இதையே செய்யுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கயிறு பற்றி எனக்கு இரண்டு கருத்து உண்டு. ஓட்டை போட்டுக் கயிறு கட்டுவது சுமாரான வழி. ஓட்டையே போடாமல் கயிறு கட்டுவது, தொங்கவிடும் போர்டுக்கு எல்லாவற்றிலும் நல்ல வழி.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சணல் ஒருநாள் கூத்துக்கு ஆகும். சாரலில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தால் சில வாரங்களில் இற்றுப்போகும். பிளாஸ்டிக் சுதலி வெயிலில் நார்நாராகப் பிரியும். நைலான் கயிறு பலம், ஆனால் வழவழப்பு. ஒற்றை முடிச்சு தானாக அவிழும், இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கிவிட வேண்டும்.

இரண்டாவது வழி பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி. குறுக்குக் குழல் போர்டில், மேல் விளிம்பிலிருந்து மூன்றாவது நாலாவது குழலைப் பாருங்கள். இந்தப் பக்கம் வாய், அந்தப் பக்கம் வாய், நடுவில் நேர்வழி. அதற்குள் மெல்லிய நைலான் கயிறு தாராளமாக நுழையும். பாவாடை நாடாவுக்கு ஊக்கு என்றால் இதற்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான், 4 மில்லிமீட்டர் போர்டின் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். 1 அடி அகல போர்டுக்கு ஒரு கம்பி போதும். நீளமான போர்டு என்றால் நேரான மெல்லிய ஜி.ஐ. கம்பித் துண்டில் கயிறைச் சுற்றி டேப் ஒட்டித் தள்ளுங்கள். கயிறு மறுபக்கம் வந்ததும் இரண்டு நுனியையும் மேலே இழுத்துக் கட்டவேண்டியதுதான்.

இதில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. இழுவை ஒரு புள்ளியில் விழாமல் மேல்விளிம்பு முழுக்கப் பரவுகிறது. அதற்கு மேலே மூன்று குழல்களின் சுவர் எதிர்த்து நிற்கிறது. ஒரே ஒரு பலவீனம், குழலின் வாய். கயிறு வெளியே வந்து மேலே திரும்பும் அந்த மூலையில் உரசும். இரண்டு பக்கமும் ஒரு பட்டை பிரௌன் டேப்பைச் சுற்றிவிட்டால் போதும். கீழ்விளிம்புக் குழலிலும் இதேபோல ஒரு கயிறு ஓட்டி, அதன் நுனிகளைச் சைக்கிள் டியூப் வளையத்தில் கட்டினால் போர்டு சுழலாது. கோயில் கொடை விழாவுக்கு அன்னதானப் பந்தலில் இரண்டு தூண்களுக்கு நடுவே, பள்ளி ஆண்டுவிழாவுக்கு, கண் சிகிச்சை முகாமுக்கு என்று எங்கெல்லாம் இரு பக்கமும் கட்ட இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதுதான். முடிந்ததும் கயிறை உருவிவிட்டால் போர்டு புதுசாக இருக்கும், அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம்.

கட்டுக்கம்பிக்கு வருகிறேன். கொத்தனார் கையில் எப்போதும் இருப்பது, எல்லா இடத்திலும் கிடைப்பது, ஆகவே பாதிப் போர்டுகள் அதில்தான் தொங்குகின்றன. எனக்குப் பிடிக்காத வழி. கம்பி மெல்லிசு, பிளாஸ்டிக்கோ மெத்து. காற்றில் போர்டு ஆட ஆட, கம்பி ரம்பம் மாதிரி ஓட்டையை அறுத்துக்கொண்டே போகும். மழை பட்டால் துருப்பிடித்து, வெள்ளைப் போர்டில் செம்மண் நிறத்தில் கோடு வழியும். முறுக்கிவிட்ட நுனி கண்ணைக் குத்தும் உயரத்தில் நிற்கும். வேறு வழியே இல்லையென்றால், பழைய ஒயரிலிருந்து உரித்த பிளாஸ்டிக் உறையைக் கம்பிக்கு மாட்டிவிட்டுக் கட்டுங்கள், அறுப்பது நிற்கும். மின்கம்பத்துக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் கட்டுக்கம்பியைக் கையில் எடுக்கவே கூடாது. ஆடிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனி எங்கே போய்த் தொடும் என்று யாருக்கும் தெரியாது, தொட்டால் உயிர் போகும்.

ஐலெட், அதாவது ஓட்டையின் ஓரத்தில் பதிக்கும் உலோக வளையம், அடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஃப்ளெக்ஸ் பேனரில் ஐலெட் அடித்துப் பழகியவர்களுக்கு அது இயல்பான எண்ணம். ஆனால் அந்த ஐலெட் மெல்லிய துணிபோன்ற சரக்குக்குச் செய்தது. 4, 5 மில்லிமீட்டர் சன்பேக்கில் அடித்தால் குழலை நசுக்கி உட்காரும், நசுங்கிய இடமே மடிப்பாகிவிடும். சில சமயம் பின்பக்கம் பிடிக்காமல் நாலு நாளில் கழன்று விழும். 3 மில்லிமீட்டர் போர்டுக்குப் பரவாயில்லை. தினமும் காலையில் மாட்டி, இரவில் கழற்றி உள்ளே வைக்கிற டீக்கடை விலைப் போர்டு போன்றவற்றுக்கு ஐலெட் நியாயம். எஸ் கொக்கியில் மாட்டுவதும் எடுப்பதும் எளிது, ஓட்டை தேயாது. அப்போதும் ஓட்டையின் முன்னும் பின்னும் பழைய ஃப்ளெக்ஸ் துண்டை ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக வெட்டி வைத்து அடித்தால்தான் நிற்கும்.

டபுள் சைடு டேப். இதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, ஏனென்றால் பாலிபுரொப்பிலீனுக்கும் பசைக்கும் ஆகாது. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு பசையை லேசில் பிடித்துக்கொள்ளாது. பிரிண்ட் ஒட்டுவதற்காக ஷீட்டின் மேல்பரப்பைத் தயார் செய்துதான் அனுப்புகிறார்கள், இருந்தாலும் கனத்த இழுவைக்கு அது போதாது. கண்ணாடி, டைல்ஸ், கிரானைட், பீரோ கதவு ஆகியவற்றில், வீட்டுக்குள், காற்று படாத இடத்தில், 2 அடிக்கு உட்பட்ட போர்டுக்கு ஃபோம் டேப் சரி. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினால் டேப் சுவரை விடாது, சுவர்தான் தன் சுண்ணாம்பை விட்டுவிடும். மேற்குப் பார்த்த சுவரில் சித்திரை வெயில் பட்டால் பசை இளகிப் போர்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

மண்டபத்துக்கு உள்ளே, கூரையிலிருந்து தொங்கவிட வேண்டுமா? அங்கே காற்று இல்லை, மின்விசிறிதான் இருக்கும். மீன் பிடிக்கும் நரம்பு வாங்குங்கள். தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது, போர்டு அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். முன்பு சொன்ன நாடா முறையிலேயே குழலுக்குள் ஓட்டிவிடலாம், அல்லது மேலே இரண்டு பைண்டர் கிளிப் மாட்டி அதன் காதில் கட்டலாம். நரம்பு வழுக்கும், நாலைந்து முடிச்சுப் போட வேண்டும். அதோடு மின்விசிறிக்கு எட்டாத தூரமா என்று போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் பலகையில் எதையும் குத்தாதீர்கள், சட்டத்தில் கிளிப் மாட்டிக்கொள்ளலாம்.

சொந்தச் சுவரில், கடை முகப்பில், மாதக்கணக்கில் இருக்கப்போகிற போர்டு என்றால் கதை வேறு. அங்கே தொங்கவிடுவதையே மறந்துவிட்டுச் சுவரோடு சேர்த்துப் பிடிப்பதுதான் நல்லது. பின்பக்கம் காற்று நுழைய இடமில்லாவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. கான்கிரீட் ஆணி அவசரத்துக்கு உதவும், ஆனால் ஆணித்தலை சின்னது. ஒரு காற்றுக்குப் போர்டு ஆணித்தலையை உருவிக்கொண்டு வந்துவிடும், ஆணி மட்டும் சுவரில் மிச்சமிருக்கும். அதற்கு நம் ஊரில் எப்போதிருந்தோ ஒரு வைத்தியம் இருக்கிறது: சோடா மூடி. மூடியின் நடுவில் ஆணியை விட்டு அடித்தால் ஓர் அங்குல அகலத்துக்குப் போர்டைப் பிடித்துக்கொள்ளும். அழகு கம்மி, பிடிப்பு அருமை. மூடியின் பல் போர்டைப் பார்த்து இல்லாமல் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் பதிந்து வெட்டும்.

காசு கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டிரில்லில் ஓட்டை போட்டு, பிளக் வைத்து, அகலமான வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள். 3 அடிக்கு 2 அடி போர்டுக்கு ஆறு இடம்: நாலு மூலை, மேலும் கீழும் நடுவில் ஒன்று. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், போர்டில் போடும் ஓட்டை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது. இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 4 அடி நீளப் போர்டு, விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கலாம். ஓட்டை இறுக்கமாக இருந்தால் நீள இடமில்லாமல் நடுவில் உப்பிக்கொள்ளும், எழுத்தெல்லாம் அலையலையாகத் தெரியும். ஸ்க்ரூவைவிட 3, 4 மில்லிமீட்டர் பெரிய ஓட்டை போட்டு, வாஷரால் மூடி, ஸ்க்ரூவைக் கடைசி அரைச்சுற்று விட்டுப் பிடியுங்கள்.

ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து அதன்மேல் போர்டைப் பின் அடிப்பது இன்னொரு வழி. ஒற்றைப் போர்டாகவே 4 அடிக்கு மேல் போனால் இதுதான் ஒரே வழி என்று சொல்லலாம். ஆனால் சட்டம் போட்ட கணமே அது லேசான போர்டு இல்லை. விழுந்தால் தலையில் விழுவது 400 கிராம் பிளாஸ்டிக் அல்ல, ஆணி அடித்த கட்டை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையின் நடுவே வைத்திருந்த பேனர், ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு, ஆட்கள் நடக்கும் வழிக்கு மேலே சட்டத்தோடு எதையும் கட்டித் தொங்கவிட நான் போர்டு அடித்துக் கொடுப்பதில்லை. சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போடுவதென்றால் மட்டும் கொடுக்கிறேன். இதனால் சில ஆர்டர் வேறு கடைக்குப் போயிருக்கிறது. போகட்டும்.

பெரிய போர்டில் காற்று போக அரைவட்டமாகக் கீறிவிடலாமா என்று கேட்கிறார்கள். ஃப்ளெக்ஸில் செய்வதைப் பார்த்துக் கேட்பது. சன்பேக்கில் அந்தக் கீறலே கிழிசலாக வளரும், நான் பார்த்தவரை காற்றும் பெரிதாகக் குறைவதில்லை. 6 அடிப் போர்டு வேண்டுமென்றால் 3 அடியாக இரண்டு போர்டு அடித்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வாசகத்தை அதற்கேற்ற மாதிரி இரண்டாகப் பிரித்துத் தருவது எங்கள் வேலை.

கடைசியாக மரம். இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சின்ன சன்பேக் போர்டுகளில் நிறைய போய்ச் சேருவது சாலையோர மரத்தில்தான். மரத்தின் உயிரோட்டம் பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. ஆணி அந்த இடத்தைப் புண்ணாக்கிப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வாசல் திறந்துவிடுகிறது. மரம் பருக்கப் பருக்க ஆணியை உள்ளே விழுங்கிக்கொள்ளும். பிற்காலத்தில் அந்தக் கட்டை மில்லுக்குப் போனால் ரம்பத்தின் பல் உடையும். ஆணி வேண்டாம், கம்பியால் சுற்றிக் கட்டலாம் என்றால் அதுவும் ஆகாது. மறந்துபோன கம்பி வருடக் கணக்கில் மரத்தின் கழுத்தை நெரிக்கும். பொது இடங்களில் இஷ்டத்துக்கு விளம்பரம் வைத்து அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மரத்தில் ஆணியடித்து விளம்பரம் வைத்தால் 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று சென்னை மாநகராட்சி 2019இல் அறிவித்தது. சட்டம் இருக்கட்டும், குற்றாலம் போகும் சாலையில் எனக்கு நிழல் கொடுக்கிற மரத்தில் என் கடையில் அடித்த போர்டு ஆணியோடு நிற்பதைப் பார்த்து ஒருநாள் வண்டியை நிறுத்தினேன். ஆணியைப் பிடுங்கிவிட்டுத்தான் கிளம்பினேன். போர்டை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்திலிருந்த கடைக்காரரிடம் கேட்டு அவர் கேட்டில் டேக் போட்டுக் கட்டவும் உதவினேன். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்பதற்குத்தான் நமக்குத் தயக்கம்.

மரத்தடியில்தான் வைக்க வேண்டும் என்றால் இரண்டு சவுக்குக் கம்பை ஊன்றுங்கள். ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போகட்டும், போர்டு நாடா முறையில் நடுவில் தொங்கட்டும்.

எனவே கடைக்கு வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். எத்தனை நாள் இருக்கணும்? எதில் கட்டப் போறீங்க? மேற்குக் காற்று அங்கே படுமா? ஒருநாள் விழா, இரண்டு தூண் என்றால் குழலுக்குள் கயிறு. கேட், கிரில், வேலி என்றால் கறுப்பு டேக், கீழே டியூப் வளையம். சொந்தச் சுவர், ஒரு வருடம் என்றால் ஸ்க்ரூவும் வாஷரும். ஏசி அறையின் கண்ணாடி என்றால் டேப். போர்டோடு நாலு கறுப்பு டேக்கைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. சணல் தேடி வீட்டில் இழுப்பறையைக் குடைய வேண்டாம் பாருங்கள்.

மாட்டிய பிறகு முதல் பெருங்காற்று அடித்த மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அது கிழிவதற்கு முந்தைய நிலை. பக்கத்தில் புது ஓட்டை போட்டு இன்னொரு டேக் சேர்த்துவிடலாம். தேதி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது இழுத்துப் பிய்க்காமல், டேக்கைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, நறுக்கிய துண்டுகளையும் பொறுக்கி எடுத்து வாருங்கள். ஆடு மாடு மேயும் இடத்தில் விழுந்து கிடந்தால் புல்லோடு வயிற்றுக்குள் போகும். போர்டு இன்னும் நன்றாக இருந்தால் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, கொண்டுவாருங்கள், அதிலேயே புது ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன்.